ஈசிஜியில் தெரியாத படபடப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்கு 47 வயது. மார்கழிக் குளிரில், நடுராத்திரி ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு நைட்டி நனைய உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் கணவர் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். படபடப்புக்கு ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தொடர்ந்து 12 மாதம் வராவிட்டால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. இந்த வியர்வை, படபடப்பு போன்ற தொந்தரவுகளோ அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆரம்பித்துவிடும்.

இதற்கு, உடலில் குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை என்றதும், "கேன்சர் வரும்டி" என்றார் அக்கா. 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் அது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் சொல்வதில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக ஆகாது. அதனால் அடுத்தவர் சீட்டைக் காட்டி வாங்கும் மாத்திரை அல்ல இது.

'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். சரி, 40 தாண்டிய பெண்களிடம் மாதவிலக்கு பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாமே!

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்