கேட்டவரே திரும்பி வந்து எழுதும் வரி

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் எதைத் தேடினாலும் விளம்பரத்துக்காகவே எழுதிய கட்டுரைகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை முற்றிலும் உண்மை. இணைய மன்றங்களில் மக்கள் பேசிக்கொள்வதைத் தேடுபொறிகள் அதிகம் காட்ட வேண்டும் என்ற யோசனையும் எனக்குச் சம்மதமே. ஆனால் அதை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிண்டரில் காகிதமே இல்லை, ஆனாலும் 'காகிதம் சிக்கியுள்ளது' என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் உதவிப் பக்கம், மூடியைத் திறந்து காகிதத்தை உருவச் சொல்லும். மன்றத்தில் முதலில் வருபவர் அணைத்துப் போடச் சொல்வார். அடுத்தவர் உருளையைத் துடைக்கச் சொல்வார். மூன்றாமவர், காகிதம் போவதைக் கண்டுபிடிக்க உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அது மாட்டிக்கொண்டிருக்கலாம், மெல்லத் தட்டிவிடுங்கள் என்பார். அப்புறம் கேள்வி கேட்டவரே வந்து, "நாக்குதான் மாட்டியிருந்தது, சரியாகிவிட்டது" என்று எழுதுவார். அந்தக் கடைசி வரி இல்லையென்றால் மற்ற மூன்றும் வெறும் ஊகம். தேடல் பக்கத்தில் பல நேரம் அந்த வரி கண்ணில் படுவதே இல்லை; மேலே இருக்கும் ஏதோ இரண்டு வாக்கியங்கள்தான் தெரிகின்றன.

உரையாடலிலிருந்து ஒரு துண்டை மட்டும் பிய்த்தெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் பார்த்தோம். பீட்சாவில் சீஸ் ஒட்டுவதற்குப் பசை சேர்க்கலாம் என்று கூகுளின் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் சொன்னது. ரெடிட் என்ற இணைய மன்றத்தில் யாரோ பல வருடங்களுக்கு முன் விளையாட்டாக எழுதியது அது. அந்த இடத்திலேயே படித்தவர்களுக்கு விளையாட்டு என்று புரிந்திருக்கும்.

மன்றப் பேச்சுகளை மட்டும் தேடும் வசதி கூகுளில் முன்பே இருந்தது. 2014இல் எடுத்துவிட்டார்கள். மக்கள் விடவில்லை, தேடும் சொற்களோடு 'ரெடிட்' என்று சேர்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 2022இல்தான் அதற்கென்று முடிவுகளில் ஒரு பகுதி வந்தது.

கேள்வி எந்த வருடத்தியது, கடைசியாக யார் எப்போது எழுதினார், கேட்டவருக்குத் தீர்ந்ததா, இந்த மூன்றும் தேடல் முடிவிலேயே தெரிய வேண்டும். இது ஆகாத காரியம் இல்லை. உதவிய பதிலைக் கேட்டவரே குறித்துவைக்கும் வழக்கம் 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளத்தில் நெடுங்காலமாக இருக்கிறது.

அதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. 2021இல் யாகூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் மூடப்பட்டது. இப்போது பல குழுக்கள் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலிக்கும் வாட்ஸப்புக்கும் போய்விட்டன. அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் அருமையான விடை எந்தத் தேடலிலும் வராது. அதே கேள்வியோடு நாளை வருபவர் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான். குழு நடத்துபவர்கள் தீர்ந்த கேள்விகளையாவது பொதுவில் படிக்கும்படி ஒரு பக்கத்தில் எடுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்