போட்டோ இல்லாதவங்க எப்படி சார் பாலம் தாண்டுவாங்க? 'கோகோ' டீமுக்கு ஒரு திறந்த மடல்

பிக்சார்ல இருக்குற லீ அன்க்ரிச் சார், ஏட்ரியன் மொலினா சார், அப்புறம் ரெண்டாம் பாகத்துல வேலை பாக்குற எல்லாருக்கும் வணக்கம்.

உங்க 2017 அனிமேஷன் படம் 'கோகோ'வுக்கு ரெண்டாம் பாகம் வருது, 2029ல ரிலீஸ்னு 2025 மார்ச்ல அறிவிப்பு வந்தப்போ எனக்கு சந்தோஷத்துக்கு முன்னாடி பயம்தான் வந்துச்சு. ஏன்னா அது முடிய வேண்டிய எடத்துல கரெக்டா முடிஞ்ச படம். செத்தவங்க உலகத்துக்குப் போயிட்டு வந்த பையன் மிகேல் பாடி, அவனோட கொள்ளுப்பாட்டி கோகோ கூடச் சேந்து முணுமுணுத்து, டிராயர்ல ஒளிச்சு வெச்சிருந்த அவங்கப்பா எக்டரோட கிழிஞ்ச போட்டோ துண்ட எடுத்துக் குடுத்தாச்சு, அடுத்த வருஷம் பாட்டி போட்டோவே படையல் மேடைக்குப் போயாச்சு, அப்பாவும் பொண்ணும் அந்தப் பக்கம் சேந்தாச்சு. இதுக்கு மேல என்ன இருக்கு? வசூல் இருக்கு, அது தெரியும், விடுங்க.

ஆனா உங்க மேல கொஞ்சம் நம்பிக்கையும் இருக்கு. ஆரம்பத்துல நீங்க யோசிச்ச கதையே வேறயாமே. அமெரிக்கால வளர்ற பையன், மெக்சிகோ அம்மா செத்துட்டாங்க, கடைசில அவன் அம்மாவ மனசுலேர்ந்து விட்டுட்டு நகர்ந்து போகக் கத்துக்கணும். அப்புறம்தான், செத்தவங்களுக்குப் படையல் வெக்கிற அந்த மெக்சிகோ பண்டிகையே அவங்கள விடக் கூடாதுங்கிறதுக்குத்தானே, நாம தலைகீழா எடுத்துட்டு இருக்கோமேன்னு உங்களுக்கு உறைச்சு, கதையத் தூக்கிப் போட்டீங்க. எத்தன பேர் அப்படிப் போடுவாங்க சொல்லுங்க.

அதே மாதிரி 2013ல டிஸ்னி போய் 'தியா தே லோஸ் முவேர்தோஸ்', அதாவது 'செத்தவங்க நாள்'ங்கிற அந்தப் பண்டிகை பேரையே ட்ரேட்மார்க் பண்ணப் பாத்துச்சு. ஒரு ஜனத்தோட திவசத்துக்குப் போய் ட்ரேட்மார்க்! ஆளாளுக்குக் கத்தி, கார்ட்டூனிஸ்ட் லாலோ அல்கராஸ் மிக்கி மவுஸ எலும்புக்கூடா வரைஞ்சு கார்ட்டூன் போட்டுக் கிழிச்சு, கடைசில வாபஸ் வாங்குனாங்க. அப்புறம் அதே அல்கராஸையே கூப்ட்டு ஆலோசகரா உக்கார வெச்சீங்க பாருங்க, அதுதான் படத்தக் காப்பாத்துச்சுன்னு நான் நெனக்கிறேன். (படத்துக்கு முன்னாடி 21 நிமிஷம் அந்தப் பனிமனுசன் ஓலாஃப் படத்த ஓட்டி, மெக்சிகோல ஜனங்க கடுப்பாகி தியேட்டர்லேர்ந்து தூக்குனது தனிக்கதை. தயவு செஞ்சு இந்த தடவ வேணாம்.)

சரி, நான் எழுத வந்த விஷயம். உங்க படத்துல செத்தவங்க செம்பாசூச்சில் பூப்பாலம் தாண்டி வீட்டுக்கு வரணும்னா கேட்ல செக்கிங். படையல்ல போட்டோ இருந்தா வழி விடுவாங்க, இல்லன்னா திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தப் பூவுக்கு சொந்த ஊரே மெக்சிகோதான், அங்கேர்ந்து கப்பல் ஏறி வந்துதான் இங்க எங்க தெருமுனைல செண்டுமல்லின்னு மொழம் போட்டு விக்கிறாங்க. அதனால மொத தடவ பாக்கும்போதே என்னமோ நம்ம வீட்டுப் படம் மாதிரி ஒட்டிக்கிச்சு. ஆனா கேட்ல எக்டர் மாட்டுனப்போ என் பொண்ணு திரும்பி, "அப்பா, உங்க தாத்தாவுக்கு போட்டோவே இல்லையே?"ன்னு கேட்டா.

இல்லதான். போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு கேமரா முன்னாடி நிக்கவே மாட்டாராம். அமாவாசைக்கு எங்கப்பா ஒரு எல போட்டு, அவர் பேரச் சொல்லிக் கூப்ட்டு, காக்காவுக்கு சோறு வெப்பாரு, அவ்ளோதான். காக்கா ஐடி கார்டெல்லாம் கேக்காது. அப்பாவுக்கு அப்புறம் அந்தப் பேரு எனக்குத் தெரியும், எனக்கு அப்புறம்?

உங்களுக்கும் இது தெரியாம இல்ல. போட்டோ இல்லாதவங்க எல்லாம் ஒரு ஓரமா குடிசை போட்டு, சொந்தபந்தம் எதுவும் இல்லாமயே ஒருத்தர ஒருத்தர் மாமா, மச்சான்னு உறவு சொல்லிக் கூப்ட்டுட்டு இருப்பாங்களே, படத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அதான். அங்க இருக்குற சிச்சரோன் கிடார் குடுத்துட்டு, ஒரு பாட்டு கேட்டுட்டு, உயிரோட இருக்குறவங்க யாருக்கும் ஞாபகம் இல்லாததால அப்படியே பொன்தூளா கரைஞ்சு போவாரு. அதோட அந்தக் குடிசைகள விட்டுட்டு நீங்க பணக்காரப் பாடகர் மாளிகைக்குப் போயிட்டீங்க. மிச்சப் பேர் என்ன ஆனாங்க? எக்டருக்கு மிகேல் வந்தான், அவங்களுக்கு யாரு?

மெக்சிகோலயே பல வீட்டுல யாரும் இல்லாத ஆத்மாவுக்குன்னு, 'அனிமா சோலா'ன்னு, தனியா ஒரு மெழுகுவத்தியோ ஒரு க்ளாஸ் தண்ணியோ வெக்கிறாங்க. பேர் தெரியாது, மொகம் தெரியாது, ஆனாலும் வெக்கிறாங்க. கதை அங்கதான சார் இருக்கு. புதுசா ஒரு வில்லன், இன்னொரு துரோகம், மிகேலுக்கு ஒரு லவ் எல்லாம் எதுக்கு? அந்த ஒத்த மெழுகுவத்திய ஏத்துற பாட்டிமார்கிட்ட போய் உக்காந்து கேளுங்க, போன தடவ கேட்ட மாதிரியே.

கோகோ பாட்டிய மட்டும் தொடாதீங்க, அவங்க நல்லா இருக்காங்க.

அன்னிக்கு என் பொண்ணு கேட்டதுக்கு நான் "காக்கா வழியா வந்துடுவார்டா"ன்னு சமாளிச்சேன். "அப்போ அந்தப் படத்துல ஏன் காக்கா இல்ல?"ன்னா. பதில் சொல்லத் தெரியல, அதான் உங்களுக்கு எழுதுறேன். 2029க்கு டைம் இருக்கு.