பேர் போட்டார்களா என்று நீ கேட்டதற்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மறுபடியும் பிரேசிலுக்குப் போகிறேன், இருட்டில் ஒளிரும் காளான்களைத் தேட. லீவுக் கடிதம் கையெழுத்தாகி வந்துவிட்டது. நான்கு மாதம், சம்பளமற்ற லீவு. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். சொல்ல வாயெடுத்த மூன்று தடவையும் நீ தேங்காய் துருவத் தொடங்கினாய், அல்லது காய்ந்த சாக்கை எடுத்து மறுபடி மறுபடி மடித்தாய். அது மட்டுமல்ல, சென்ற முறை சொன்ன பொய் நம் இருவரோடு நிற்காமல் தோட்டத்து லய வீடுகள் முழுக்க நடந்து பதுளை வரை போய்விட்டது. அதைத் திருத்துவதும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று பட்டதால், மற்றவர்கள் வாசிப்பார்கள் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் எனக்கு ஒரு சதமும் சம்பளம் தரப்படவில்லை. தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் நான்தான் பணம் கொடுத்தேன். அந்தப் பணத்திலும் விமானச் சீட்டிலும் பெரும்பகுதி, கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று நீ கட்டி எடுத்த சீட்டுக்காசு. அதை உன்னிடம் வாங்கும்போது "வேலைக்குப் போகிறேன்" என்றுதான் சொன்னேன். வேலை என்ற சொல்லை நான் ஒருவிதமாகவும் நீ வேறுவிதமாகவும் புரிந்துகொள்வோம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தே சொன்னேன் என்பதுதான் என் குற்றம். மற்றவை அதிலிருந்து வந்தவை.

நான் திரும்பி வந்த பெப்ரவரி இரவை நீ மறந்திருக்க மாட்டாய், ஆனால் நான் அதை எப்படிச் சுமக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. பசறையில் கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் ஏறி வந்தபோது கரண்ட் இல்லை. நீ இஸ்தோப்புத் திண்ணையில் குப்பி விளக்கோடு உட்கார்ந்திருந்தாய். காம்பராவுக்குள் ஒழுகும் இடங்களில் அலுமினியச் சட்டியும் பால்மா டின்னும் வைத்திருந்தாய். ஒவ்வொன்றிலும் துளி விழும் சத்தம் வேறுவேறாகக் கேட்டது. அங்கே நான்கு மாதமும் மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள் நான், ஏனென்றால் மழை விட்டால் காளான் முளைக்காது. அதே மாதங்களில் நீ இங்கே மழை நிற்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறாய். ரொட்டியும் கட்டைச் சம்பலும் எடுத்து வைத்துவிட்டு, "எங்க, அந்தக் காளான காட்டு" என்றாய்.

போனில் படத்தைக் காட்டினேன். மக்கிய குச்சியொன்றில் பச்சையாக எரியும் ஏழெட்டுக் காளான்கள். நீ விரலால் திரையைத் தடவிப் பார்த்தாய், சூடு இருக்கிறதா என்று பார்ப்பவளைப் போல. "கண்ணுக்கும் இப்பிடியேதான் தெரியுமா?" என்று கேட்டாய். இல்லை என்றேன், கமரா முப்பது விநாடி திறந்திருந்து எடுத்த படம் இது, கண்ணுக்கு மிக மங்கலாக, நிறம்கூடச் சரியாகப் பிடிபடாத சாம்பல் வெளிச்சமாகத்தான் தெரியும் என்றேன். "எதுக்கு எரியுது?" என்றாய். நான் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைக் கேட்டாய்: "அங்க ஒனக்குப் பேர் போட்டாங்களா?"

வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: தேயிலைத் தோட்டத்தில் நாளுக்குரிய நிறை கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும், நிறை குறைந்தால் அரைப் பேர், பேர் இல்லாத நாளுக்குக் காசும் இல்லை.

நான் பேசாமல் இருந்தேன். "அரப் பேருகூட இல்லியா?" என்றாய். அதற்கும் பேசவில்லை. விளக்கின் திரியைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "எரநூறு வருசமா நம்மாளுங்க சும்மா ஒழச்சது பத்தாதா?" என்றாய். மறுநாள் விடிகாலை தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நான் வாளியோடு பின்னால் நிற்பது தெரியாமல், எனக்கு மாதம் இரண்டு லட்சம் என்று நீ மற்றவர்களிடம் சொன்னதைக் கேட்டேன். என் மானத்தைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னாய். நானும் மறுக்கவில்லை. அந்த மாதமே கடன் கேட்டு வந்தவர்களுக்கு நாம் இருவரும் சொன்ன சாக்குகளை இங்கே எழுதவில்லை. அவர்களும் இதை வாசிக்கக்கூடும்.

நீ கேட்டவற்றுக்கு இன்று பதில் சொல்கிறேன். எதற்கு எரிகிறது என்றால், அந்தக் காளானின் உடலில் லூசிபெரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது ஒட்சிசனோடு சேரும்போது பச்சை ஒளியாக வெளிப்படுகிறது. சூடு கிடையாது. அடர்ந்த காட்டின் தரையில் காற்று அசைவது குறைவு, ஆகவே விதை போன்ற வித்திகளைத் தூக்கிச்செல்லப் பூச்சிகள் வர வேண்டியிருக்கலாம். 2015ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பிரேசிலில் பிசினால் செய்த பொய்க் காளான்களுக்குள் பச்சை விளக்கு வைத்துக் காட்டில் நட்டுப் பார்த்தார்கள். விளக்குள்ளவற்றுக்கே அதிகப் பூச்சிகள் வந்தன. அவர்கள் ஆராய்ந்த இனம் இருட்டும் நேரத்தை அறிந்து இரவில் ஒளியைக் கூட்டிக்கொள்கிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆனால் எல்லா இனத்துக்கும் இதே காரணம்தான் என்று இன்னும் எவராலும் சொல்ல முடியவில்லை. உலகம் முழுவதும் தெரியவந்துள்ள ஒளிரும் காளான்கள் நூறு இனங்களைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும், அக்கா. இன்னும் எத்தனை காடுகளில் எத்தனை குச்சிகளில் இருக்கின்றன என்று தேடுவதற்கு, இருட்டில் நடக்கச் சம்மதிக்கும் ஆட்கள் வேண்டும்.

நான் செய்தது அதைத்தான். சாவோ பாவுலோ மாநிலத்தின் தெற்கே, இப்போராங்கா என்ற சிற்றூருக்கு அருகே, அட்லாண்டிக் மழைக்காட்டுக்குள் இரவில் நடப்போம். ஓரிடத்தில் நின்று டோர்ச்சை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் அசையாமல் இருப்போம். பிறகு மெல்ல, தரையில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் எழும்பும். அந்த இடத்தில் அடையாள நாடா கட்டிவிட்டு, பகலில் வந்து படமெடுத்து, அளந்து, மணம் குறித்து, குறைந்த சூட்டில் உலர்த்தி உறையில் இடுவோம். அந்தப் பகுதியிலிருந்தே 2010இல் அறிவிக்கப்பட்ட ஓர் இனத்தில் தொப்பி ஒரு சென்ரிமீற்றர்கூட இருக்காது, காம்புதான் ஒளிரும். இறந்தவர்களுக்கான லத்தீன் மன்றாட்டில் வரும் 'நித்திய ஒளி' என்ற சொற்களையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்குக் கார்த்திகை விளக்கு ஏற்றும்போது நீ முணுமுணுப்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

பேர் போட்டார்களா என்றாய். போட்டார்கள். ஒவ்வொரு உறையின் மேலும் இடம், திகதி, சேகரித்தவர் பெயர் எழுத வேண்டும். உன் பெயரை எழுதிவிடலாமா என்று ஒரு கணம் கை நின்றது. ஆனால் அது பொய்யாகும், அந்த உறையில் பொய் எழுதக் கூடாது. என் பெயரை எழுதினேன், பிறப்புச் சான்றிதழில் பிழையாகப் பதிந்துவிட்ட அதே எழுத்துகளோடு. காசு வராத பேர்தான். ஆயினும் அது அரைப் பேர் அல்ல.

ஜோர்ஜ் கார்ட்னர் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் 1839 டிசம்பரில், பிரேசிலின் உட்பகுதியில் நாட்டிவிடாட் என்ற ஊர்த் தெருவில் இரவில் நடந்து போகும்போது, சிறுவர்கள் ஒளிரும் எதையோ வைத்து விளையாடுவதைக் கண்டார். மின்மினி என்று நினைத்தாராம். கிட்டப் போய்ப் பார்த்தால் காளான். பனையினத்துக் குட்டை மரமொன்றின் மக்கிய மட்டையில் முளைப்பது, ஊரார் 'தென்னம்பூ' என்று பொருள்படும் பெயரில் அழைப்பது. இன்று அந்தக் காளானின் விஞ்ஞானப் பெயரில் கார்ட்னரின் பெயர் இருக்கிறது. அதே கார்ட்னர்தான் 1844இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக வந்து, 1849 மார்ச்சில் நுவரெலியாவில் இறந்தார். நீ என்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடப் பேராதனைக்கு வந்தபோது அந்தப் பூங்காவின் வாசலில்தானே பஸ்ஸுக்கு நின்றோம்? அவர் அங்கே இருந்த ஆண்டுகளில்தான் நம் ஆட்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து காப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்கு எந்த உறையிலும் பேர் இல்லை. காளானைக் காட்டிக்கொடுத்த அந்தச் சிறுவர்களுக்கும் இல்லை. இதை அந்தக் காட்டில் ஒரு மழை நாளில் வாசித்தேன். அப்போதுதான் சொல்லாமல் வந்த குற்றவுணர்வையும் மீறி, நான் அங்கே இருப்பது நியாயம் என்று தோன்றியது.

ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. குவைத்தில் நீ கழித்த ஆறு வருடங்களில் என்ன நடந்தது என்பதை நீ என்னிடம் சொன்ன அளவுக்குமேல் நான் கேட்டதில்லை. இங்கே ஒரு சொல்லும் எழுத மாட்டேன். அந்தப் பணத்தில்தான் படித்தேன் என்பதை ஒரு நாளும் மறைத்ததில்லை. ஆனால் நான் வாங்கும் ஒவ்வொரு செருப்புக்கும், எடுக்கும் ஒவ்வொரு லீவுக்கும் அந்த ஆறு வருடத்திலிருந்து நீ வட்டி கணக்கிடுகிறாய். கடல் கடந்து போகும் பெண்ணுக்குக் காசைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்பதை, எவரையும்விட நீ நம்ப வேண்டும் என்று எதிர்பார்த்தேன். இது அநியாயமான எதிர்பார்ப்பாக இருக்கலாம். உனக்கு அப்படியொரு காரணத்தோடு போக எவரும் இடம் தரவில்லை. தராதவர்களில் நானும் ஒருத்தி, ஏனென்றால் அப்போது என் விடுதிக் கட்டணம் உன் கையை எதிர்பார்த்திருந்தது.

சீட்டுக்காசை முழுதாகத் திருப்பிவிட்டேன், தகரமும் மாற்றியாயிற்று. ஆனால் நீ சட்டி வைத்து விழித்திருந்த இரவுகளை நான் திருப்பவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போவதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

இந்த முறை என் சேமிப்பில் போகிறேன். நவம்பர் 14ஆம் திகதி இரவு விமானம். காலையில் முதல் பஸ்ஸுக்கே இறங்க வேண்டும். பீலிக்கரையில் கேட்பார்கள், சம்பளம் எவ்வளவு என்று. சம்பளம் இல்லை என்று நீயே சொல்லிவிடு. சொல்ல வராவிட்டால் சும்மா இரு, நான் வாளியோடு பின்னால் நின்று சொல்லிக்கொள்கிறேன். தகரத்தில் தெற்கு மூலையில் ஓர் ஆணி தளர்ந்திருக்கிறது. மழை இறங்குவதற்குள் யாரையாவது பிடித்து அடித்துவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி