சும்மா கிடக்கும் அலைக்கற்றை

ஆசிரியருக்கு வணக்கம்.

6ஜி வந்தால், செல்போன் சிக்னல் போகும் ரேடியோ அலைவரிசைகளை, அதாவது அலைக்கற்றையை, செயற்கை நுண்ணறிவே பங்கிட்டுக் கொள்ளும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் இன்றைய 4ஜி டவரே, எந்தப் போனுக்கு எவ்வளவு என்று நொடிக்கு ஆயிரம் முறை பங்கிட்டுத்தான் கொடுக்கிறது. டவர் இல்லாத இடத்தில் எதைப் பங்கிடுவது?

அரசு அலைக்கற்றையை, தொலைத்தொடர்புக்கென்று பிரித்த வட்டம் வட்டமாக, 20 ஆண்டுகளுக்கு ஏலம் விடுகிறது. சென்னையையும் சேர்த்துத் தமிழ்நாடு ஒரே வட்டம். அண்ணா சாலைக்கு உரிமை வாங்கிய நிறுவனத்துக்கே எங்கள் போடிமெட்டு மலைப்பாதையும் சொந்தம். மலையில் வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்துபோகிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள், பேச வேண்டியதை அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். மேலே அலைக்கற்றை சும்மா கிடந்தாலும் வேறு யாரும் தொடக் கூடாது.

விலை படியாத ஏலக்காயை வியாபாரி குடோனில் போட்டு அடுத்த ஏலத்துக்குக் கொண்டுவருவார். அலைக்கற்றைக்குக் குடோன் கிடையாது. மலைக்கும் காட்டுக்கும் தோதான 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2016, 2021 ஏலங்களில் ஒருவரும் எடுக்கவில்லை; அரசு வைத்த விலை அப்படி. 2022-ல்தான் போனது. இடைப்பட்ட ஆண்டுகள் போனது போனதுதான்.

பிரிட்டனில் 2019 முதல், பெரிய நிறுவனம் பயன்படுத்தாத இடத்தில் அதே அலைக்கற்றையை உள்ளூர்க்காரர் உரிமம் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் கடற்படை ரேடார் இயங்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியையே மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். கரையோரக் கருவிகள் ரேடாரைக் கண்டுகொண்டதும், கணினி மற்றவர்களை வேறு அலைவரிசைக்கு நகர்த்திவிடும். ஒருவர் சிக்னல் இன்னொருவரைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு இதுவே பதில்.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, ஒருவருக்கு ஒதுக்கியதை இரண்டாமவருக்கும் ஒதுக்க இடம் தருகிறது. காரணமின்றிச் சும்மா வைத்திருந்தால் திரும்பப் பெறவும் வழி சொல்கிறது. அப்புறம் என்ன தயக்கம்? கோடிகளைக் கொட்டிய நிறுவனங்கள் முணுமுணுக்கும், நியாயம்தான். சும்மா கிடக்கும் இடத்தில் உள்ளூர்க்காரர் பயன்படுத்தினால், அதற்கான வாடகையை அந்த நிறுவனங்களே வாங்கிக்கொள்ளட்டும். நாளைக்கு நிறுவனமே டவர் போட வந்தால் உள்ளூர்க்காரர் காலி செய்யட்டும்.

எந்த அலைவரிசை எந்த ஊராட்சியில் ஓடுகிறது, எங்கே ஓடவில்லை என்ற வரைபடத்தைத் தொலைத்தொடர்புத் துறை முதலில் வெளியிட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, வாடகை கொடுத்து நடத்த முடியுமா என்று எங்கள் ஊர் கேபிள்காரர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
போடிநாயக்கனூர்