நமது வானியல் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களை ‘ஊருக்கொரு வானம்’ என்ற தலைப்பில் நடத்தினோம். ஒரே வானத்தில் ஊருக்கு ஊர் மக்கள் கண்ட வேறுவேறு உருவங்கள்தான் பேச்சு. மழை மாதங்களில் அறைக்குள் படம் போட்டுப் பேசியதோடு சரி.

ஏப்ரலில் சப்தரிஷி மண்டலம். நமக்கு ஏழு முனிவர்கள். பழைய அரேபியர்களுக்கோ சதுரமாக நிற்கும் நான்கும் ஒரு பாடை. வாலில் உள்ள மூன்றும் அதன் பின்னே அழுதுகொண்டு போகும் மகள்கள். நடு மகள்தான் நம் வசிஷ்டர். “கல்யாண வீட்டில் அருந்ததி காட்டும்போது இதை யாரும் வாய்திறக்காதீங்க” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். விருச்சிகத்தின் வால் மாவோரி மக்களுக்கு அவர்கள் புராண நாயகன் மாவியின் தூண்டில் முள். நியூசிலாந்தின் வடதீவையே கடலிலிருந்து இழுத்த முள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் தேளைவிட இதுதான் பொருத்தம் என்று சாதித்தார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

எது சரியான உருவம் என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வந்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-இல் 88 நட்சத்திர மண்டலங்களை ஏற்று, 1930-இல் எல்லைகளையும் வெளியிட்டது. அது வானத்துக்கு வார்டு பிரித்த மாதிரி. முகவரி சொல்ல உதவும், அவ்வளவுதான்.

ஆண்டின் உருப்படியான நிகழ்ச்சி, மே அமாவாசையன்று கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் கூடியதுதான். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலர் நட்சத்திரங்களை மட்டுமல்ல, பால்வீதியில் தூசுமேகம் மறைக்கும் கரிய பகுதிகளையும் உருவமாகப் பார்த்தார்கள். தென்வானில் சிலுவைபோல் தெரியும் தென்சிலுவை மண்டலத்தை ஒட்டிய கரும்பொட்டு ஈமு பறவையின் தலை. பக்கத்தில் உள்ள ஆல்ஃபா, பீட்டா சென்டாரி என்ற இரு பிரகாசமான நட்சத்திரங்கள் வழியாகக் கழுத்து. விருச்சிகத்தின் பக்கம் உடம்பு. அந்தப் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான கமிலராய் மக்களுக்கு இது நாட்காட்டியும்கூட. ஏப்ரல், மே மாலைகளில் ஈமு ஓடுவதுபோல் தெரிந்தால் இணைசேரும் காலம். அப்புறம் அது உட்கார்ந்ததுபோல் மாறினால் கூட்டில் முட்டை இருக்கும். இதே இருட்டில் தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் லாமா என்ற ஒட்டக இன விலங்கைக் கண்டார்கள். சென்டாரி இரண்டும் அதன் கண்கள்.

நள்ளிரவு தாண்டியும் ஒருவருக்கும் எதுவும் பிடிபடவில்லை. பழக்கதோஷத்தில் எல்லோரும் வெளிச்சப் புள்ளிகளையே தேடினோம். “நட்சத்திரத்தை விடுங்க, இருட்டைப் பாருங்க” என்று துணைத்தலைவர் சொன்ன பிறகு, பள்ளி மாணவி ஒருத்தி கழுத்தைக் கண்டுபிடித்தாள். நம் ஊரிலிருந்து தென்சிலுவை தாழ்வாகவே எழும் என்பதால், தலை மட்டும் கடல் மூட்டத்தில் கடைசிவரை அரைகுறைதான்.

நாம் வழக்கமாகக் கூடும் திடலில் இப்போது ஹைமாஸ்ட் விளக்கு எரிகிறது. அங்கே தேளாவது தெரியும், ஈமு தெரியாது. ஒளியைக் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மறைப்பு போடக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. இரண்டாம் மனுவில் உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டுகிறேன். தாள் வாசலில் உள்ள மேசையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சங்கத்தின் பைனாகுலரை இரவல் வாங்கியவர் அடுத்த அமாவாசைக்குள் திருப்பித் தரவும்.

இங்ஙனம்,
செயலாளர்