செம்மணற்பாறை நாட்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள குமரேசனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற பிறகும் கல்வெட்டுப் படியெடுக்கும் வேலையை நீ விடாமல் செய்து வருவதையும், உன் மகளின் திருமணம் நல்லபடியாக நடந்ததையும் படித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே நாங்கள் நலம். மலை ஏறும்போது முழங்கால் கொஞ்சம் படுத்துகிறது. அதற்காக ஏறாமல் இருப்பதில்லை. ரைன் ஆற்றங்கரையில் இத்தனை காலம் குடியிருந்தும் சுற்றிப் பார்த்த இடங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று குறைப்பட்டிருந்தாய். கல்லோடு பழகிய உனக்கு எழுதத் தகுந்தது ஃபால்ட்ஸ் என்கிற இந்த ஒயின் நாடுதான் என்று தோன்றுவதால், இம்முறை ஊர்ச் செய்திகளைக் குறைத்துக்கொண்டு அதைப் பற்றியே எழுதுகிறேன்.

திராட்சை பயிராகும் பரப்பில் ஜெர்மனியில் இரண்டாவது பெரிய பகுதி இது. ரைன் சமவெளியின் மேற்கு விளிம்பில், ஹார்ட் என்னும் மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டி, வடக்கே போக்கன்ஹைம் முதல் தெற்கே பிரெஞ்சு எல்லையிலுள்ள ஷ்வைகன் வரை ஏறத்தாழ 85 கிலோமீட்டருக்குக் கொடிகள் தொடர்கின்றன. அவற்றின் ஊடாகப் போகும் சாலைக்கு 1935இல் 'ஜெர்மன் ஒயின் சாலை' என்று பெயர் சூட்டினார்கள். சாலையின் ஒரு பக்கம் சமவெளி, மறுபக்கம் காடு மூடிய மலை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு நிலத்தில் விழுந்த ஒரு பிளவு. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் காற்றும் கொண்டுவந்து படிய வைத்த மணல், இரும்புத் துரு ஏறிச் சிவந்த பாறையாக இறுகியது. பிறகு, ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பாசலிலிருந்து ஃபிராங்க்பர்ட் வரையிலான நிலம் நடுவே தாழ்ந்து இறங்க, இரு ஓரங்களும் மலையாக உயர்ந்து நின்றன. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை மலை தடுத்துவிடுவதால் கிழக்குச் சரிவு வறண்டும் கதகதப்பாகவும் இருக்கிறது. வாதுமையும் அத்தியும் இனிப்புக் கஷ்கொட்டையும்கூட இங்கே காய்க்கின்றன. கோட்டை கட்டக் கல்லும் கோப்பைக்குத் திராட்சையும் ஒரே நிலப்பிளவினால் கிடைத்தவை என்பதை அறிந்த பிறகு, இங்குள்ள எதையும் என்னால் தனித்தனியாகப் பார்க்க முடிவதில்லை.

இயற்கை தானே செதுக்கிய நினைவுச் சின்னங்களில் பெயர் பெற்றது, திராட்சைச் சரிவுகளைத் தாண்டி மேற்கே காட்டுக்குள், ஹின்டர்வைடன்டால் ஊரருகே நிற்கும் 'சாத்தானின் மேசை'. 14 மீட்டர் உயரத்தில், மெலிந்த கால்களின் மேல் பெரும் பலகை ஒன்றைத் தூக்கி வைத்தாற்போல் நிற்கிறது. மேலடுக்கு கெட்டியான மணற்பாறை, கீழடுக்கு இளகியது. மழையும் உறைபனியும் காற்றும் இளகியதை அரித்துத் தின்றுவிட, கெட்டியானது மிஞ்சியது. ஊர்க் கதையோ வேறு மாதிரி சொல்கிறது. இரவில் காட்டு வழியே போன சாத்தான், களைத்துப்போய் இரண்டு பாறைகளை எடுத்து மேசை போட்டு உணவருந்திவிட்டு அப்படியே விட்டுச் சென்றானாம். இத்தகைய பாறைகள் இந்தக் காட்டில் ஏராளம். இளவேனிலில் பொரி வல்லூறுகள் கூடு கட்டும் பாறைகளில் ஏறக்கூடாது என்று தடை விதித்துவிடுகிறார்கள். பாறையேறும் இளைஞர்கள் முணுமுணுத்தாலும் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள்.

நீ வந்தால் முதலில் அழைத்துச் செல்ல விரும்புவது அந்த மேசைக்கு அல்ல. பாட் டியூர்க்ஹைம் நகருக்கு மேலே உள்ள 'கிரீம்ஹில்டின் இருக்கை'க்கு. கிரீம்ஹில்ட் என்பவள் இங்குள்ள இடைக்கால வீரகாவியத்தின் நாயகி. பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு தொன்மக் குன்று என்றுதான் எண்ணத் தோன்றும். ஆனால் அது ரோமானியரின் கல்குவாரி. கி.பி. 200ஆம் ஆண்டை ஒட்டி, மைன்ஸில் பாசறை அமைத்திருந்த 22ஆம் படையணியின் வீரர்கள் இங்கே கல் வெட்டினார்கள். செங்குத்தாக இறங்கும் சிவந்த சுவர்களில் உளி பாய்ந்த சாய்கோடுகள் வரிவரியாக இன்னும் தெரிகின்றன. ஆப்பு இறக்கப் போட்ட குழிகள் இருக்கின்றன. பாதி வெட்டிக் கைவிட்ட பாளங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் விட உனக்குப் பிடிக்கப்போவது, அந்தச் சிப்பாய்கள் வேலைக்கு நடுவே சுவரில் வெட்டிய எழுத்துகளும் உருவங்களும். படையணியின் பெயர், ஆட்பெயர்கள், குதிரைகள், மனித உருவங்கள், ஆரங்கள் கொண்ட சக்கரங்கள். அரசாணை பொறிக்க வந்த கைகள் அல்ல அவை. பொழுது போகாமலோ, தெய்வத்தை நினைத்தோ, தானும் இங்கே இருந்ததாகப் பதிந்துவிட வேண்டும் என்றோ கீறிய கைகள். பெரிய கோயிலில் உள்ள மெய்க்கீர்த்தியைவிட இத்தகைய கீறல்களில்தான் நான் அதிக நேரம் நின்றுவிடுகிறேன். நீ என்னைக் கடிந்துகொள்வாய் என்று தெரியும்.

அந்தச் சக்கரங்களுக்குப் பிற்காலத்தில் ஒரு கெட்ட காலமும் வந்தது. 1930களில் குவாரியை மண்ணகற்றித் தெளிவாக்கியபோது, அவை பண்டைய ஜெர்மானியரின் சூரிய வழிபாட்டுக் குறிகள் என்று நாஜிகளுக்கு உவப்பான விளக்கம் ஒன்று கிளம்பி, சிப்பாய்களின் குவாரி இனப்பெருமையின் வழிபாட்டுத் தலமாகிவிட்டது. கல்லில் இருப்பது ஒன்று, படிப்பவன் காண விரும்புவது வேறொன்று என்பதை உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

குவாரிக்கு மேலேயே, மலையுச்சியைச் சுற்றி, ரோமானியருக்கு முன்பே இங்கே வாழ்ந்த கெல்ட் மக்கள் கி.மு. 500ஐ ஒட்டிக் கட்டிய மதில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் கிடக்கிறது. மரச்சட்டத்துக்குள் கல்லை அடுக்கிக் கட்டியது. மரம் மக்கியதும் கல் சரிந்து, இன்று நீண்ட கற்குவியலாகப் பாசி பிடித்திருக்கிறது. மதில் என்று யாராவது சொல்லாவிட்டால் பாறைச் சரிவு என்றே கடந்துவிடுவோம். எது இயற்கை, எது மனிதன் செய்தது என்ற எல்லை இந்த மலையில் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை.

எதிரே உள்ள குன்றில் லிம்பூர்க் மடாலயத்தின் இடிபாடு. 1024இல் ஜெர்மானிய அரசனான இரண்டாம் கொன்ராட், தன் குலத்தின் கோட்டை இருந்த இடத்திலேயே அடுத்த ஆண்டையொட்டி அதை நிறுவினான். ஸ்பையர் பேராலயத்தைத் தொடங்கியவனும் அவனே. இரண்டுக்கும் ஒரே நாளில் அடிக்கல் நாட்டினான் என்று ஒரு கதை உண்டு, கதையாகவே வைத்துக்கொள்வோம். அவன் மருமகளும் இங்கிலாந்து மன்னன் கனூட்டின் மகளுமான குன்ஹில்டை 1038இல் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1504இல், ஒரு வாரிசுரிமைப் போரைச் சாக்கிட்டு, அண்டையிலிருந்த லைனிங்கன் பிரபுக்களின் படை மடாலயத்துக்குத் தீ வைத்தது. இன்று கூரையில்லை; நடுக்கூடத்தில் புல் வளர்ந்திருக்கிறது; வளைவுகளும் உயர்ந்த வெளிச்சுவர்களும் நிற்கின்றன; நிலவறை மட்டும் முழுமையாகத் தப்பியிருக்கிறது. கூரை போனதால்தானோ என்னவோ, கட்டடத்தின் அளவு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. கோடையில் இதற்குள் இசை நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள்.

தீ வைத்த லைனிங்கன் பிரபுக்களின் ஹார்டன்பூர்க் கோட்டை அதே பள்ளத்தாக்கில் சற்று மேற்கே இருக்கிறது. அதுவும் இடிபாடுதான்: 1692இல் பதினான்காம் லூயியின் படை வெடி வைத்தது, 1794இல் புரட்சிப் பிரான்சின் படை எரித்து முடித்தது. 1689இல் ஸ்பையரும் வோர்ம்ஸும் எரிந்ததும் லூயி தொடுத்த அதே போரில்தான். வளமான நிலமும் ரைன் ஆறும் பிரான்சின் எல்லையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் கோட்டைகள் முழுதாக மிஞ்சியிருந்தால்தான் ஆச்சரியம்.

இனி உன்னோடு வாதாட விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். தெற்கே ஆன்வைலர் ஊருக்கு மேல் ட்ரிஃபெல்ஸ் கோட்டை இருக்கிறது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1193இல் சிறிது காலம் இங்கே சிறை வைத்திருந்தார்கள். அவனை விடுவிக்கக் கிடைத்த வெள்ளியைக் கொண்டுதான் பேரரசன் ஆறாம் ஹென்றி சிசிலியின்மேல் படையெடுத்தான். 1602இல் இடி விழுந்து கோட்டை எரிந்தது. அதன் பிறகு சுற்று வட்டாரத்தார் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1938இல் நாஜி ஆட்சி அதைத் தேசத்தின் புனிதத் தலமாக்க நினைத்து, ருடால்ஃப் எஸ்டெரர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு எழுப்பத் தொடங்கியது. பழைய வடிவம் எப்படி இருந்தது என்பதற்கு அவர் அதிகம் கவலைப்படவில்லை. தென் இத்தாலிய அரண்மனைகளை நினைவுபடுத்தும் பெருங்கூடம் ஒன்றைக் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரம்தான், மறுக்கவில்லை. பழைய கோபுரத்தின் பெரும்பகுதி உண்மையிலேயே பழையது. ஆனால் அந்தக் கூடத்துக்குள் நிற்கும்போது பன்னிரண்டாம் நூற்றாண்டைப் பார்க்கிறேனா, 1930களின் ஆசையைப் பார்க்கிறேனா என்ற சந்தேகம் அகலவே இல்லை. லிம்பூர்க்கில் இந்தச் சந்தேகம் எழுவதில்லை. எரிந்ததை எரிந்ததாகவே விட்டு, மீதியைச் சரியாமல் தாங்கிப் பிடிப்பதே முறை என்பது என் கட்சி. மணற்பாறை மழையில் பொடிந்துகொண்டே இருக்க, சும்மா பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்பாகாது என்று நீ சொல்லக்கூடும். உன் பதிலை விரிவாக எழுது.

ஒயினைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் முடித்தால் இவ்வூர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். உங்ஸ்டைன் அருகே வைல்பெர்க் சரிவில், 1981இல் திராட்சைத் தோட்டங்களைச் சீரமைக்கத் தோண்டியபோது ரோமானியப் பண்ணை வீடு ஒன்று வெளிப்பட்டது. அதில் திராட்சையை மிதித்துப் பிழியும் தொட்டிகளும், அவற்றில் திராட்சை விதைகளும் இருந்தன. இன்றும் அதைச் சுற்றிலும் திராட்சைதான். ஃபார்ஸ்ட் ஊருக்கு மேலே அணைந்துபோன எரிமலை ஒன்று இருக்கிறது. அதன் கறுப்புக் கல்லை உடைத்துத் தோட்டங்களில் போடுவது வழக்கமாக இருந்தது. பகல் வெயிலை அது இரவிலும் வைத்திருக்கும் என்பது இவர்கள் கணக்கு. ஆனால் இந்தக் கொடிகள் எப்போதும் செழிப்பையே தந்தன என்று நினைத்துவிடாதே. 1832 மே 27இல், ஹாம்பாக் கோட்டை இடிபாட்டுக்கு 20,000க்கும் மேற்பட்ட மக்கள் சுதந்திரமும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் வேண்டி ஊர்வலமாக ஏறியபோது, வரியாலும் சுங்கத்தாலும் நொடிந்திருந்த டியூர்க்ஹைம் திராட்சை விவசாயிகள், தாங்கள் துக்கம் காக்க வேண்டியிருப்பதாக எழுதிய கறுப்புக் கொடியை ஏந்திச் சென்றார்கள். அங்கே பறந்த கறுப்பு-சிவப்பு-பொன் கொடி இன்று நாட்டின் கொடி. விவசாயிகளின் கறுப்புக் கொடியை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நீ மது தொடமாட்டாய் என்பது தெரியும். காட்டுக்குள் மலைச் சங்கத்தார் நடத்தும் குடில்களில் திராட்சைச் சாறும் உண்டு. நீண்ட மேசைகளில் அறிமுகமில்லாதவர்களோடு இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும், அரை மணிக்குள் அவர்கள் உன் ஊர்க்கதையைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். வருவதானால் அக்டோபரில் வா. அறுவடை முடியும் தறுவாயில் இருக்கும், கஷ்கொட்டை உதிரும், குவாரிச் சுவரில் மாலை வெயில் சாய்வாக விழும்போது கீறல்கள் நன்றாகத் தெரிகின்றனவா என்றும் பார்த்துவிடலாம். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை நான் அனுப்புகிறேன். கடவுச்சீட்டு எப்போது காலாவதியாகிறது என்று மட்டும் பார்த்துத் தெரிவி. வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
இராமநாதன்