48 மணி நேரத்துக்குப் பிறகு வலிக்கும் கழுத்து

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதில் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகும் விடாமல் வலிக்கும் கழுத்தைப் பற்றி ஒரு பிசியோதெரபிஸ்டாக எழுதுகிறேன்.

சிக்னலில் நிற்கும் காரைப் பின்னால் வரும் வண்டி இடிக்கிறது. உடல் இருக்கையோடு முன்னே போக, தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு வெட்டி இழுக்கப்படுகிறது. ரத்தம் இல்லை; எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில்தான் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பார்கள். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் வலி இருக்கிறது என்கின்றன வெளிநாட்டு ஆய்வுகள். இங்கே கிடைப்பதோ வலி மாத்திரையும் ஒரு காலரும். காலரை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் கழுத்து இன்னும் இறுகத்தான் செய்யும்.

மாத்திரை கேட்காதபோது பலர் சலூன் நாற்காலியில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்கிறார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகவே ஏறுகிறது. வேகமான திருகலில் அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரக்கூடும். அபூர்வம்தான்; ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பயிற்சி பெற்ற கை சிகிச்சையில் சத்தமே இருக்காது. மல்லாந்து படுத்திருப்பவரின் பிடரிக்குக் கீழே, இறுகிய மூட்டை விரல் நுனியால் தேடிப் பிடித்து மெல்ல அசைத்துக்கொடுப்போம். சில நிமிடங்களில் வலி சற்று இளகும். அந்த இளக்கம் வெகுநேரம் நிற்காது என்பதால் உடனே பயிற்சிக்குப் போய்விட வேண்டும். பி.பி. பார்க்கும் பட்டையை மடித்துக் கழுத்துக்கு அடியில் வைத்து 20 வரை காற்றடிப்போம். முகவாயை இம்மியளவு தாழ்த்தி முள்ளை 22-க்குக் கொண்டுவந்து பத்து விநாடி நிறுத்த வேண்டும்; பிறகு 24, 26 என்று 30 வரை. அற்பமாகத் தெரியும். மாதக்கணக்கில் வலியோடு இருந்தவர்களுக்கு 24-லேயே முள் ஆடத் தொடங்கிவிடும். இந்தப் பட்டை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது?

புதிய இயந்திரங்களோ நீண்ட சிகிச்சைத் தொகுப்போ நாங்கள் கேட்கவில்லை. இப்படிக் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டு நாள்பட்ட வலியோடு இருந்த 172 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2014-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இருபது அமர்வுகள் பயிற்சி பெற்றவர்களும், அரை மணி நேர ஆலோசனையோடு தொலைபேசி உதவி மட்டும் பெற்றவர்களும் வலியில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இனிக்காத முடிவு இது. இருந்தாலும், தினமும் வரவழைத்து ஒத்தடமும் இழுவையும் கொடுத்து அனுப்பும் நம் வழக்கத்தை இதை வைத்துக்கொண்டு நியாயப்படுத்த முடியாது.

ஆகவே கேட்பது அரை மணி நேரம். விபத்துச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் டிஸ்சார்ஜ் சீட்டில், இரண்டு வாரத்துக்குள் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க ஒரு தேதி எழுதப்படட்டும். கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா என்று அங்கே முதலில் பார்த்து, அப்படி இருந்தால் மருத்துவரிடம் திருப்பி அனுப்பலாம். மற்றவர்களுக்குக் கழுத்தை அசைக்கப் பயப்பட வேண்டாம் என்று விளக்கி, தேவைப்பட்டால் கை சிகிச்சையும் வீட்டுப் பயிற்சியும் கொடுக்கலாம். வர முடியாதவர்களின் பட்டியல், ஏற்கெனவே வீடு தேடிச் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பிசியோதெரபிஸ்டுகளிடம் போகட்டும். இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட்